குல்தாராவில் பதினேழாவது ஆள்

ஜெய்சல்மேர் போய் வந்தவர்கள் எல்லோரும் கோட்டையைப் பற்றித்தான் சொல்வார்கள். நானும் பார்த்தேன். மஞ்சள் கல், நான்கு வாசல், உள்ளே முழுக்க மாடும் கடையும். முதல் வாசலிலிருந்து நான்காவது வாசலுக்கு என் காலில் நானூற்றுப் பன்னிரண்டு அடி. அதற்குள் இரண்டு முறை வழுக்கினேன். அந்த ஊரில் பார்க்க வேண்டியவை ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. ராஜாக்களின் கல்லறை மண்டபங்கள் நிற்கிற படா பாக், ஆளே இல்லாத குல்தாரா கிராமம், லோதுர்வா கோயில், கல்லாகிப் போன மரங்கள் கிடக்கிற ஆகல். நாங்கள் போன தொண்ணூறுகளின் நடுவில் அங்கெல்லாம் டிக்கெட் கொடுக்கவும் சரியாக ஆள் கிடையாது. இப்போது எப்படியோ தெரியாது. இந்த நான்கு இடங்களையும் நான் மறக்கவில்லை என்றால் காரணம் கல்லோ மரமோ இல்லை, மேஸ்திரி.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் ஷாப்ட் என்கிற ஒரு சுரங்கக் கிணற்றின் வாயிலில் ஆள் எண்ணுகிற குமாஸ்தாவாக நான் பதினோரு வருடம் இருந்தேன். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் ஒன்றைக் கையில் கொடுப்பேன். பலகையில் அந்த எண்ணின் கொக்கி காலியாகும். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொக்கி நிறைந்தால் ஆள் பத்திரம். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் தவறவே கூடாது. பதினோரு வருடத்தில் நான் தவறியதில்லை.

மேஸ்திரி அப்போது உள்ளே ஒரு கேங்குக்குத் தலைவன். ஊரில் எல்லோரும் அவனை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள், ரிட்டையரான பிறகும். ஒரு நாள் மத்தியானம் கீழே பாறை வெடித்தது. எங்கள் ஊரில் அதை பர்ஸ்ட் என்பார்கள், வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருளும். எல்லோரையும் மேலே ஏற்றினார்கள். நான் டோக்கன்களை மாட்டிப் பார்த்தேன். ஒரு கொக்கி காலி. மேஸ்திரியின் எண். ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தேடுவதற்கு ஆறு பேர் இறங்கினார்கள். நாலு மணி நேரம் தேடினார்கள். மேலிருந்து கல் விழுந்து அந்த ஆறு பேரில் ஒருவருக்குக் கால் நசுங்கியது. அவரை மேலே கொண்டுவந்த அதே நேரத்தில் மேஸ்திரி சாலை வழியாக நடந்து வந்தான். குளித்து, தலை வாரி, முகத்தில் பவுடர்.

சுரங்கங்கள் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு ஷாப்ட் வழியாக, தெரிந்த ஆளைப் பிடித்து, ஷிப்ட் முடியும் முன்னாலேயே மேலே போய்விடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போகிறவன் டோக்கனைப் பையன் கையிலாவது எனக்கு அனுப்பிவிடுவான். அன்று இவன் அனுப்பவில்லை. விசாரணையில், "நான் இவரு கையிலதான் குடுத்தேன், இவரு மாட்ட மறந்துட்டாரு" என்றான். மறுநாள் காலை என் மேஜைக்கு அடியில் அந்த டோக்கன் கிடந்தது. யார் போட்டது என்று கேட்க ஆளில்லை. என்னை ஷாப்ட் வாயிலிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ரிட்டையர் ஆகும்வரை ஆணியும் கயிறும் எண்ணினேன். கால் நசுங்கியவர் சாகும்வரை என்னோடு பேசவில்லை. அவர் நொண்டிக்கொண்டு போவதைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன், தப்பு செய்தவனைப் போல.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் எண்ணிக்கை.

மேஸ்திரியும் நானும் ஒரே சபை. அவன் குடும்பம் முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்ச், நான் ஏழாவது. பகையை வைத்துக்கொண்டு நற்கருணை எடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார்கள். பதினெட்டு வருடம் எடுத்தேன்.

சபையில் வயதானவர்களை வடக்கே சுற்றுலா அழைத்துப் போனபோது இரண்டு பேரும் பெயர் கொடுத்திருந்தோம். அவன் வருவது தெரிந்துதான் கொடுத்தேன். என் மனைவி இறந்து நாலாவது வருடம், வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். ஆண்கள் பதினேழு, பெண்கள் பதினாலு. ஜெய்சல்மேரில் இரண்டு வேன் பிடித்தோம், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. போதகர் எங்கள் வேனில். புதிதாக வந்த போதகர், பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆக்ராவிலேயே, "பிரதர், நீங்க கணக்கா இருக்கீங்க, ஆண்கள் எண்ணிக்கையை நீங்க பாத்துக்குங்க" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார். பெண்கள் வேனுக்கு ஒரு ரிட்டையர்டு நர்ஸ்.

மேஸ்திரி சும்மா இருப்பானா? ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை ஏதாவது சொல்வான்.

படா பாக்கில் வரிசை வரிசையாகக் குடை மாதிரி மண்டபங்கள். ஒவ்வொன்றும் ஒரு ராஜாவுக்கு. பின்னால் காய்ந்த மேடு, கீழே கொஞ்சம் பச்சை. காலை வெயிலில் கல் தேன் நிறத்தில் இருந்தது. நான் ஒரு ஓரத்திலிருந்து மண்டபங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

"இன்னா எண்ணிக்கை, எல்லா ராஜாவும் கீறாங்களா?" என்று பின்னாலிருந்து சத்தம். "நல்லா பாருப்பா. எவனாவது சொல்லாம ஊட்டுக்குப் போயிருக்கப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். போதகரும் விஷயம் தெரியாமல் சிரித்தார். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து எண்ண நேரமில்லை. படா பாக்கில் எத்தனை மண்டபம் என்று எனக்கு இன்றும் தெரியாது. அதையும் அவன் பேரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் ஓட்டல் சாப்பாடு. பருப்பில் ஒரு விரற்கடை நெய் மிதந்தது. சோறு கேட்டால் ஆளுக்கு ஒரு கரண்டி. மேஸ்திரி நெய்யில் ரொட்டியை முக்கி முக்கி ஒன்பது தின்றான். அந்த ஒன்பதும் குல்தாரா போய்ச் சேர்வதற்குள் வேலை செய்ய ஆரம்பித்தன.

குல்தாராவுக்கு நாங்கள் போனபோது மூன்று மணி. சாலையை விட்டு உள்ளே ஒரு மண் பாதை. அதன் முடிவில் ஒரு கிராமம். சுவர் இருக்கிறது, கூரை இல்லை. கதவு நிலை இருக்கிறது, கதவு இல்லை. தெருக்கள் எங்கள் மைனிங் லைன் வீடுகளைப் போல நேராக ஓடின. நடுவில் ஒரு கோயில், சாமி இல்லாமல். காற்றுக்கு மணல் நகர்கிற சத்தம் மட்டும். வேன் டிரைவர்தான் வழிகாட்டியும். அவன் இந்தியில் சொன்னதை, பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவர் தமிழில் சொன்னார். மந்திரி ஒருவன் இந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கேட்டானாம். கொடுக்க மறுத்து, சுற்றுப்பட்ட எண்பத்துநாலு ஊர் ஜனமும் ஒரே இரவில் காலி செய்து போய்விட்டார்களாம். போகும்போது, இங்கே இனி எவனும் குடியிருக்கக் கூடாது என்று சாபம் விட்டுப் போனார்களாம். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாதாம்.

"அட போங்க, தண்ணி வத்திப் போயிருக்கும்" என்றார் ஒருவர். "நமக்குத் தண்ணி வர்ற பேத்தமங்களா ஏரி வத்தினா நாமளும் இப்டித்தான் போவணும். சாபமாவது ஒண்ணாவது."

"மைன்ஸை மூடினாலும் இப்டித்தான்" என்றார் இன்னொருவர். மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. 

எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. உண்மையோ பொய்யோ, அந்த ஜனங்கள் மன்னித்துவிட்டுப் போகவில்லை. போன இடம் தெரியவில்லை, பெயர்கள் தெரியவில்லை, கோபம் மட்டும் மிச்சம் இருக்கிறது, அதைப் பார்க்க நாங்கள் மூன்று ரயில் மாறி வந்திருக்கிறோம்.

எல்லோரும் கலைந்து சுற்றினார்கள். அரை மணி நேரத்தில் ஹார்ன் அடிப்பேன் என்று டிரைவர் சொல்லியிருந்தான். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு என்னைத் தாண்டிப் போனான். ஊரின் கடைசி வரிசைக்குப் போகிறான் என்று தெரிந்தது. போகிற போக்கில் நின்றான்.

"எண்ணிக்கை, நான் அந்தாண்ட போயிட்டு வரேன். வுட்டுட்டுப் போயிடாத. அப்புறம் ஆறு பேரை எறக்கித் தேட வெப்ப. எவன் காலாவது போவும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தக் கால் அவனுக்குச் சிரிப்பு.

 அவன் ஒரு சுவரைத் தாண்டி, இன்னொரு சுவரைத் தாண்டி, மூன்றாவதுக்குப் பின்னால் மறைந்தான். ஹார்ன் இரண்டு முறை அடித்தது. காற்று எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது, சத்தம் அந்தப் பக்கம் போயிருக்காது. பெண்கள் வேன் முதலில் கிளம்பியது. எங்கள் ஆட்கள் ஏறினார்கள். நான் கதவருகில் நின்று எண்ணினேன். என்னையும் போதகரையும் சேர்த்துப் பதினாறு. மறுபடி எண்ணினேன். பதினாறு.

"மேஸ்திரி எங்கப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

"வவுறு சரியில்லன்னாரே, சம்சாரத்தோட அந்த வேன்ல போயிருப்பாரு" என்றார் பட்டாளத்துக்காரர்.

போதகர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "பிரதர், சரியா இருக்கா?" என்றார்.

பதினோரு வருடமும், அதற்குப் பின் ஆணிகளிலும் கயிறுகளிலும், நான் ஒரு முறைகூட இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை.

"பதினேழு" என்றேன். "சரியா இருக்கு. போலாம்."

வேன் கிளம்பிய நேரம் மூன்று நாற்பது. பின் கண்ணாடி வழியாக அந்த ஊர் சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்தேன். ஒரு ஆள் ஓடி வருவது போலவும் இருந்தது, தூசி போலவும் இருந்தது. நாலு மணி நேரம், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவனைத் தேடிய நாலு மணி நேரத்தை அவன் அங்கே உட்கார்ந்து எண்ணட்டும். மறுபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

லோதுர்வா கோயில் அழகான கோயில். வெறும் மணலுக்கு நடுவில், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது போல. வாசலில் கல்லைத் துணி மாதிரி வெட்டித் தோரணம் கட்டியிருக்கிறார்கள். சுவரில் சல்லடைக் கண் போலத் துளைகள், உள்ளே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுகிறது. சமணர் கோயில் என்பதால் தோல் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாது, பெல்ட்டைக் கழற்றிக் கையெழுத்துப் போடாமலேயே கொடுத்துவிட்டுப் போனேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டே தூண்களை எண்ணினேன். அன்று எண்ணிக்கை விட்டுப்போகவில்லை. இருபத்திரண்டு வரை வந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் எண்ணி வெகுகாலம் ஆகியிருந்தது.

மேஸ்திரியின் மனைவி அப்போதுதான் வந்தாள். கனத்த உடம்பு, மூச்சு வாங்கும்.

"அண்ணே, இவரு உள்ள கீறாரா? மாத்திரை போடணும்."

"பாக்கலியேம்மா" என்றேன்.

"உங்க வேன்லதான வந்தாரு?"

போதகர் பக்கத்தில் நின்றிருந்தார். "பிரதர், பதினேழுன்னு சொன்னீங்களே" என்றார். பெண்கள் வேனின் நர்ஸ் வந்து, தன் கணக்கில் பதினாலுதான், ஆண் யாரும் ஏறவில்லை என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பெல்ட் வாசலில் இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வேன் திரும்பியது. அவளும் அதில் ஏறிக்கொண்டாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வழியெல்லாம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தாள். எனக்கு அவள் பேரில் அப்போது கொஞ்சம் இரக்கம் வந்தது. அதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

வெயில் சாய்ந்துவிட்டது. மண் பாதை தார்ச் சாலையைத் தொடுகிற இடத்தில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. பக்கத்தில் ஆட்டுக்காரன் ஒருவன் தகரக் குவளையில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றான், சுற்றி முப்பது முப்பத்தைந்து ஆடு. வேனைப் பார்த்ததும் மேஸ்திரி எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். சுரங்கத்துக்குள் மூவாயிரம் அடி கீழே பீடி கேட்டுச் சிரிக்கிறவன் என்று பெயர் வாங்கியவன். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. உதடு வெடித்திருந்தது. பேச்சு வர நேரமானது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது. இரண்டு மணி பத்து நிமிடம். இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் பாக்கி இருந்தது.

பேச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்னைப் பற்றித்தான்.

"எண்ணத் தெரியாதவனை எண்ண வெச்சா இப்டித்தான் ஆவும். அன்னிக்கும் இதே கதைதான். கையில குடுத்ததைத் தொலைச்சான். இன்னிக்கு ஆளையே தொலைச்சான்."

பட்டாளத்துக்காரர் தலையை ஆட்டினார். "வயசாச்சு, பாவம், கண்ணு தெரியல" என்றார் ஒருவர். இன்னொருவர், "ஆமா, அப்பவே சொன்னாங்க இல்ல" என்றார்.

இதை நான் யோசித்திருக்கவில்லை. அவனை வெயிலில் உட்கார வைத்தது நான். ஆனால் ஊர் வாயில் மறுபடியும் அவன் சொன்னதுதான் நிற்கப் போகிறது. இரண்டு முறை தவறவிட்ட எண்ணிக்கை. நான் பேசாமல் இருந்தால் கிழவனின் மறதி, மன்னித்துவிடுவார்கள். மன்னிப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"என் கணக்கு தப்பு இல்ல" என்றேன். "நான் பதினாறுதான் எண்ணினேன். ரெண்டு தபா எண்ணினேன். பதினேழுன்னு சொன்னேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. போதகர்தான் முதலில், "பிரதர், என்ன சொல்றீங்க?" என்றார்.

"இவன் எங்க போனான்னு எனக்குத் தெரியும். இவன் வரலைன்னும் தெரியும். தெரிஞ்சேதான் போலாம்னு சொன்னேன். அன்னிக்கு டோக்கன் எனக்கு வரல. வரலைன்னு சொன்னேன். இன்னிக்கு ஆள் வரல. வந்துட்டான்னு சொன்னேன். என் கணக்கு ரெண்டு தபாவும் சரி."

மேஸ்திரி வாயைத் திறந்தான். "கேட்டுக்கினீங்களா? கொல்லப் பாத்திருக்கான். அன்னிக்குப் பொய் சொன்னவன்…"

"வுடுங்க" என்றாள் அவன் மனைவி.

அவள் அவன் தலைக்கு ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தாள். துணியை எடுக்காமலேயே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அன்னிக்கு நீங்க ஊட்லதான படுத்துகினு இருந்தீங்க. பர்ஸ்ட் சத்தம் கேட்டு நான்தான் எழுப்பினேன். எழுந்துக்கல. அப்புறம் ஜனம் ஓடறதைப் பாத்துட்டு குளிச்சிட்டுப் போனீங்க. சட்டையைத் துவைக்கறப்ப டோக்கனை எடுத்து நான்தான் குடுத்தேன். இப்ப இன்னாத்துக்கு கத்தறீங்க? வாங்க, ஏறுங்க."

இரண்டு ஆள் தூக்கி அவனை வேனில் ஏற்றினார்கள். ஆட்டுக்காரன் குவளையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

எல்லோர் முன்னாலும் உண்மை வெளியே வந்துவிட்டது. பதினெட்டு வருடம் நான் கேட்டது இதுதானே என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டோக்கனைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தவள், பதினெட்டு வருடம் எனக்கு நாலு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கும் பலகாரத் தட்டு அனுப்பியிருக்கிறாள், நாங்களும் தின்றோம். அதுவரை என் கணக்கில் ஒருவன் இருந்தான். அன்றிலிருந்து இரண்டு பேர்.

அன்று ஓட்டலில் போதகர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஜெபம் செய்தார். கை கொடுங்கள் என்றார். மேஸ்திரி கையை நீட்டினான். தலை குனிந்துதான் நீட்டினான். நான் என் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன். "உங்க ஆத்துமாவுக்காகக் கேக்கறேன், பிரதர்" என்றார் போதகர். என் ஆத்துமாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர், "நாளையிலிருந்து எண்ணிக்கையை நானே பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். நியாயம்தான்.

மற்றவர்கள் என்னோடு பேச்சைக் குறைத்தார்கள். என் பக்கத்துச் சீட்டு காலியாகவே வந்தது. பட்டாளத்துக்காரர் மட்டும் பல் விளக்கும்போது, "அந்த ஆளு பண்ணது தப்புதான். ஆனா நீங்க பண்ணதுக்கு பட்டாளத்துல சுட்டுடுவாங்க" என்றார். எண்ணிக்கை என்று என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை.

மறுநாள் ஆகல். ஒரு காலத்தில் காடாக இருந்த இடமாம். மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி வருடத்துக்கு முன்னால் விழுந்த மரங்கள் கல்லாகி மேட்டில் கிடக்கின்றன. யாரும் உடைத்து எடுத்துப் போகாமல் ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் வைத்து, மேலே தகரக் கூரை போட்டிருந்தார்கள். மரத்தின் பட்டை கல்லில் அப்படியே தெரிகிறது. சுற்றிலும் கல்லும் முள்ளும், ஒரு நிழல் கிடையாது. அரை மணி நேரத்தில் வந்துவிடுங்கள் என்று டிரைவர் சொன்னான்.

போதகர் எங்களை எண்ணினார். பதினாறு வந்தது. முகம் வெளுத்து மறுபடி எண்ணினார், பதினாறு. தன்னைச் சேர்த்துக்கொள்ள மறந்திருந்தார். நான் சொல்லவில்லை. மூன்றாவது முறையில் அவரே கண்டுபிடித்தார்.

எல்லோரும் இறங்கி மேட்டில் ஏறினார்கள். மேஸ்திரி இறங்கவில்லை. அவன் மனைவி பெண்கள் வேனிலிருந்து வந்து கதவருகில் நின்று கூப்பிட்டாள். "வாங்க, இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம போறதா? எல்லாரும் கீறாங்க இல்ல?" அவன் தலையை ஆட்டினான். டிரைவருக்கு நேர் பின்னால், கதவுப் பக்கச் சீட்டில், முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயிலில் வேனின் தகரம் கொதித்தது. அவன் சட்டை முழுக்க வேர்வை. டிரைவர் சிகரெட் பிடிக்க இறங்கியபோது, அவன் எங்கே போகிறான் என்று மேஸ்திரி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான் அந்த மேட்டில் கிடந்த கூண்டுகளை எண்ணவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூன்று முறை வேனுக்குப் போய் வந்தேன். மூன்று முறையும் அவன் அந்தக் கம்பியை விடவில்லை. மூன்றாவது முறை என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் இன்னாய்யா வேணும் உனுக்கு?" என்று மெல்லக் கேட்டான்.

பாட்டிலை மூடி வைத்துவிட்டு, மறுபடி மேட்டில் ஏறினேன். கிளம்ப இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.